பூட்டனார் பார்த்த உத்தியோகம்

ஸ்டுட்கார்ட்டில் உள்ள ஒரு தமிழ்ச் சங்கத்தின் யாப்பில் போன வருடம் புதிய விதி ஒன்று சேர்ந்தது. தலைவராக இருப்பவர் தமது வம்சத்தின் மேன்மையைப் பழைய அரசாங்கப் பதிவு மூலம் நிரூபிக்க வேண்டும். ஊரெல்லாம் பரம்பரை தேடுகிற காலம் அது. முன்பு வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கலியாண வீடியோ காட்டினார்கள். இப்போது வம்சாவளிப் படம் காட்டுகிறார்கள்.

விதியைக் கொண்டுவந்தவரே தலைவர் சிற்றம்பலம்தான். தன்னுடைய பூட்டனார் ஊர் அதிகாரம் பார்த்த ஒரு உடையார் என்று அவர் சொல்லிச் சொல்லி, உடையாரின் மீசை நீளம்கூடச் சங்கத்தில் எல்லோருக்கும் பாடம். பதவி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது. மகள் வர்ஷா எங்கெங்கோ எழுதிப்போட்டு, வெள்ளைக்காரன் காலத்துக் குடிசன மதிப்பின் பிரதியை எடுத்துக் கொடுத்தாள். செயலாளர் மகேந்திரராஜா அதைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தார்.

“பெயர், வேலுப்பிள்ளை. தொழில், பிச்சை எடுத்தல்.”

சிற்றம்பலம் எழும்பி நின்றார். “எழுதினவனுக்குப் பிழைச்சிருக்கும்” என்றார்.

“அரசாங்கப் பதிவு பிழைக்காது அண்ணை” என்றார் செயலாளர்.

விடயத்தின் பாரதூரத்தைக் கருத்திற்கொண்டு உடனடியாக ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. குழு சமையலறைக்குள் போய் வடை சாப்பிட்டபடி ஆராய்ந்து, அறிக்கையோடு திரும்பியது. அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்காத எதையும் இந்த நாட்டில் தொழில் என்று சொல்ல ஏலாது. பூட்டனாரிடம் பிச்சைக்கான சான்றிதழ் இல்லை. ஆகவே அவர் பிச்சைக்காரர் அல்ல.

“அப்ப சுயதொழில் எண்டு போடுவம்” என்றார் மகேந்திரராஜா. “வரி கட்டினவரோ?”

வரி என்றதும் சிற்றம்பலத்துக்கு மூளை வேலை செய்தது.

“அதுதானே விசயம். ஆளுக்கு வயலும் பனங்காணியும் இருந்தது. கணக்கெடுக்க வந்தவனை வரிக்காரன் எண்டு நினைச்சுப் பொய் சொல்லியிருக்கிறார். அரசாங்கக் கந்தோர்க்காரனுக்கு ஆர் உண்மை சொல்லுறது?”

சபை கைதட்டியது. ‘அரசாங்கத்தையே ஏய்த்த மேன்மைமிகு வம்சம்’ என்று அறிக்கையில் திருத்தம் செய்யப்பட்டது. பதவி தப்பியது.

அப்போது வர்ஷா கேட்டாள்: “அப்பா, நீங்கள் இங்க வந்தபோது அகதி விண்ணப்பத்தில என்ன தொழில் எண்டு குடுத்தனீங்கள்?”

“மீன்பிடி.”

“நீங்கள் அரசாங்கக் கச்சேரியில கிளாக்கர் எல்லோ?”

“ஓம் பிள்ளை. உண்மையைச் சொன்ன ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிப் போட்டாங்கள். எனக்குச் சரியான பயம். மகேந்திரராஜாவுக்கு விசா கிடைச்சது எண்டு, அவர் எழுதினதைப் பார்த்து நானும் எழுதினனான்.”

வர்ஷா செயலாளர் பக்கம் திரும்பினாள். “மாமா, நீங்கள் மீன் பிடிச்சனீங்களோ?”

“எனக்கு நீந்தவே தெரியாது” என்றார் மகேந்திரராஜா. “நான் கணக்கு வாத்தி.”

“வேற ஆர் ஆர் அதைப் பார்த்து எழுதினது?”

முதலில் பொருளாளர் கை உயர்த்தினார். பிறகு முன்வரிசை. பிறகு மண்டபம் முழுவதும். கடலே இல்லாத ஸ்டுட்கார்ட்டில் ஒரு மீன்பிடிக் கிராமமே உட்கார்ந்திருந்தது. நாளைக்குப் பூட்டப்பிள்ளைகள் இதைத் தேடி எடுத்து என்ன பாடுபடப் போகிறார்களோ என்று சிற்றம்பலத்துக்கு மெய்யாகவே கவலை வந்தது.

தங்கள் பழைய அகதிப் பதிவுகளை எவருக்கும் காட்டக்கூடாது என்று அரசாங்கத்துக்கு ஆளுக்கொரு விண்ணப்பம் அனுப்புவதாகத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அங்கேயே பேனாவும் தாளும் வந்தன. காரணம் எழுதவேண்டிய இடத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். சிற்றம்பலம் கொஞ்சம் யோசித்து, ‘தொழில் இரகசியம்’ என்று எழுதினார்.

பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, ஓர் எழுத்தும் பிசகாமல் அதையே எழுதினார்கள்.