செருப்பு வார்

"அழகா இல்ல அத்தான்" என்றான் காரை ஓட்டப்போகிற புயல்.

கோடு சார் நிமிர்ந்து பார்த்தார். பந்தயக் காரின் மேல் ஒரு பாதுகாப்பு வளையத்தைப் பொருத்தி முடித்து, கையைக்கூட இன்னும் கழுவவில்லை. புயல் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தான். குனிந்து பார்த்தான். வளையத்துக்கும் இருக்கைக்கும் நடுவில் இருந்த திறப்பில் இரண்டு கைகளையும் விட்டு விரித்துப் பார்த்தான். பெரிதாக ஒரு மூச்சு விட்டான். பிறகுதான் அந்தத் தீர்ப்பு வந்தது.

"எந்த இடம் அழகா இல்ல? சொல்லு மாப்ளே, மாத்திடறேன்."

"இடம்லாம் இல்ல. மொத்தமாவே செருப்பு வார் மாதிரி இருக்கு."

பட்டறையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்த வார்த்தை புயலின் சொந்தச் சரக்கு அல்ல. அது கோடு சாரின் சரக்கு.

கோடு சார் அந்தப் பந்தயக் குழுவின் வடிவமைப்பாளர். சக்கரங்களை மூடாமல், ஓட்டுகிறவனின் தலை மட்டும் வெளியே தெரிகிற ஒற்றை இருக்கைக் கார்களுக்கு உடம்பு வரைவது அவர் வேலை. மூக்கு நுனியிலிருந்து வால் வரைக்கும் ஒரே கோடு, அது எங்கேயும் தடுக்கக் கூடாது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததால் பட்டறை அவருக்கு வைத்த பெயர் அது. போன வருஷம் பந்தயக் கழகம் எல்லா வடிவமைப்பாளர்களையும் கூப்பிட்டு, ஓட்டுகிறவனின் தலையைக் காக்க ஒரு உலோக வளையம் மாட்டலாமா என்று யோசனை கேட்டபோது, எழுந்து நின்றவர் இவர்தான்.

"உலகத்துலயே அழகான வண்டியைச் செஞ்சுட்டு, அது தலையில செருப்பு வாரைக் கட்டச் சொல்றீங்களே, நியாயமா?"

கூடம் அதிரக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் வளையம் கட்டாயம் என்ற பேச்சு அடிபட்டு, இந்த வருஷம் விருப்பப்பட்டவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. கோடு சார் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

போன பந்தயத்தில்தான் அந்த நெஞ்சு சுருங்கியது. முன்னால் போன யாருடைய காரிலிருந்தோ ஒரு சக்கரம் கழன்று பறந்தது. அது புயலின் தலைக்கவசத்துக்கு ஒரு சாண் மேலே போய்ப் பின்னால் விழுந்தது. புயல் இறங்கி வந்து சிரித்தான், கையை ஆட்டினான். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் அக்கா சிரிக்கவில்லை. அந்த அக்காதான் கோடு சாரின் மனைவி.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அடுத்த பந்தயத்துல அந்த வளையம் இல்லாம என் தம்பி அதுல ஏறினான்னா, நீங்க அப்புறம் பட்டறையிலயே குடித்தனம் பண்ணிக்கோங்க."

அவள் சொல்லாவிட்டாலும் அவர் அதைத்தான் செய்திருப்பார். கண்ணை மூடினால் அந்தச் சக்கரம்தான் வந்தது. அவர் வரைந்த கோட்டை ஒட்டியே அது போயிருந்தது. அந்தக் கோட்டின் மேல் எதுவும் இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். எதுவும் இருக்கவில்லைதான். தடுப்பதற்கும் எதுவும் இருக்கவில்லை.

குழுவின் முதலாளியோ நழுவிக்கொண்டார். "ஏறுறவன் சரின்னு சொன்னா மாட்டுங்க. அவன் வேணாம்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றார். ஆக, ஓர் உயிரும் ஒரு குடித்தனமும் புயலின் ரசனையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்ன சொன்னான்?" என்று அன்று இரவு வீட்டில் மனைவி கேட்டாள்.

"அழகா இல்லையாம்."

"அழகா இருக்கறதுக்கு அவன் என்ன கல்யாண ஊர்வலமா போறான்?"

"நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்றான். நான் என்ன பண்ண?"

"நல்லா வேணும்." அவள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். பிறகு குரல் தணிந்தது. "எனக்கு வேற கவலை. அவன் சாப்பிடவே மாட்டேங்கறான். நேத்து வந்தான்ல, ரெண்டாவது தடவை சோறு வைக்கப் போனா தட்டைக் கையால மூடிட்டான். பொறந்ததுலருந்து அவன் தட்டை மூடி நான் பார்த்ததில்ல. உள்ளுக்குள்ள பயந்து போயிருக்கான். அவன் பெண்டாட்டியைக் கேட்டா, 'ஒண்ணுமில்ல அண்ணி'ன்னு சிரிக்கறா."

கோடு சாரும் சிலதைக் கவனித்திருந்தார். புயல் இப்போதெல்லாம் பட்டறைக்குக் காரில் வருவதில்லை. நடந்தே வந்தான், வேர்த்துக் கொட்டியது. கேட்டால், "நடந்தா மனசுக்கு நல்லாருக்கு அத்தான்" என்றான். உச்சி வெயிலிலும் தொளதொளவென்று ஒரு ஜாக்கெட் போட்டுக்கொண்டு அதைக் கழற்ற மறுத்தான். பாவம், சக்கரம் தலையை உரசிப் போனால் மனுஷனுக்கு என்னவெல்லாமோ ஆகும் என்று கோடு சார் உருகினார். வளையத்தை அழகாக்கியே தீருவது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்.

உள்ளே இருக்கும் உலோகத்தைத் தொட முடியாது. அது கழகம் சோதித்துக் கொடுத்தது. அதனால் அதன்மேல் வழவழப்பாக ஓர் உறை செய்து போர்த்தினார். குழாய் குழாயாகத் தெரிந்தது போய், காரின் உடம்பிலிருந்தே முளைத்ததுபோல் ஆயிற்று. என்ன, கொஞ்சம் தடித்துவிட்டது.

புயல் வந்தான். திறப்பில் கைவிட்டுப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"முன்னாடியே தேவலை அத்தான்."

"என்னடா சொல்ற? அதுல குழாய் தெரிஞ்சுது. இப்ப பாரு, எப்படி ஓடுது கோடு!"

"ஓடுது. ஆனா தடியா இருக்கு. எனக்குத் தடியா இருந்தா பிடிக்காது." அதைச் சொல்லும்போது அவன் குரலில் அப்படி ஒரு சோகம் இருந்தது.

கோடு சார் இரண்டு நாள் யோசித்தார். வளையத்தை இளைக்க வைக்க முடியாது. சரி, பக்கத்தில் இருப்பதை உயர்த்தினால் வளையம் அடங்கித் தெரியுமே! இருக்கையின் இரண்டு பக்கச் சுவர்களையும் உயர்த்தி உள்பக்கமாக வளைத்து, வளையத்தின் கால்களோடு இணைத்தார். அடர்நீலம் பூசினார். அன்றைக்குப் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்த்தது. பெரிய மெக்கானிக் யாரையும் பாராட்டாதவர். "சார், இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

புயலைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவன் காரைப் பார்த்தான், திறப்பைப் பார்த்தான், கோடு சாரைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"அழகா இருக்கா இல்லையா?"

"அழகாத்தான் இருக்கு" என்றான் புயல். தொண்டையைச் செருமினான். "ரொம்ப அழகா இருக்கு. அதான் யோசனை. கண்ணு பட்டுடும் அத்தான். கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா?"

முப்பது வருஷத் தொழிலில் அழகைக் குறைக்கச் சொல்லி யாரும் கோடு சாரிடம் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியல. அவனுக்கு வளையமே பிடிக்கலை. மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியாம ஏதேதோ சாக்கு சொல்றான்."

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

"உங்களுக்கு ஏங்க அது அவ்வளவு பிடிக்கும், அந்தத் தலை வெளியே தெரியறது?"

அவர் யோசித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"அந்த வேகத்துக்குள்ள ஒரு மனுஷன் இருக்கான்னு தெரியுது இல்லையா, அதுக்குத்தான். தலை தெரியலைன்னா அது வெறும் இயந்திரம்."

"எனக்கும் அந்தத் தலைதான் தெரியுது. அதுக்கு நான் தலை சீவி விட்டிருக்கேன்" என்றாள் அவள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கைதட்டின அந்தக் கூடத்தில் ஒருத்தர்கூட எந்தத் தலைக்கும் சீப்பு பிடித்தவர் இல்லை போலும் என்று தோன்றியது. தன்னையும் சேர்த்துத்தான்.

பந்தய நாள் காலையில் திடலோரக் கொட்டகையில் நீல வளையம் மின்னிக்கொண்டு நின்றது. புயல் பந்தய உடுப்பின் மேல் ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளியே நின்றான்.

"என்ன மாப்ளே, ஏறு."

"கொஞ்சம் இருங்க அத்தான். அந்த நீலம் ஒரு மாதிரி…"

கோடு சாருக்குள் எதுவோ அறுந்தது. மெக்கானிக் கையிலிருந்த கருவியைப் பிடுங்கினார். நீல உறையை நெம்பிப் பிரித்துக் கடாசினார். உயர்த்தின பக்கச் சுவர்களைக் கழற்றி எறிந்தார். "சார், சார்" என்று ஓடிவந்த பெரிய மெக்கானிக் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். கழகத்தின் பரிசோதகர் எட்டிப் பார்த்து, "உள்ள இருக்கற வளையம்தான் எனக்கு முக்கியம். மேல போட்ட சட்டை உங்க பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதன்முதலில் மாட்டிய அதே மொட்டைக் குழாய் வளையம் நின்றது. பழைய அதே அசிங்கம்.

"செருப்பு வார்தான்டா" என்றார் கோடு சார், மூச்சு வாங்க. "நான்தான் சொன்னேன், இல்லைங்கல. செருப்புன்னே வெச்சுக்கோ. அழகா இல்லைன்னு யாராவது செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு முள்ளுல நடப்பாங்களா? எல்லாரும் சிரிக்கட்டும், வரைஞ்சவன் நான்னு சொல்லிக்கறேன். உன் அக்காவுக்காக ஏறுடா. எனக்காக ஏறு."

அவர் குரல் உடைந்துவிட்டது. பட்டறை ஆட்கள் எல்லாரும் எங்கெங்கோ பார்த்தார்கள்.

புயல் மெல்ல அருகே வந்தான். வழக்கம்போல் திறப்பில் இரண்டு கைகளையும் விட்டு விரித்துப் பார்த்தான். அவன் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஒரு வெளிச்சம் வந்தது.

"இப்பதான் அத்தான் அழகா இருக்கு!"

ஜாக்கெட்டைக் கழற்றி வீசினான். வளையத்தைப் பிடித்து, காலை உள்ளே விட்டு இறங்கினான். இடுப்பளவில் ஒரு கணம் நின்றான். கண்ணை மூடி, ஆழமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தான். தான் பேசின பேச்சு அவனை அந்த அளவுக்கு உலுக்கிவிட்டதே என்று கோடு சார் நினைத்துக்கொண்டார். அடுத்த நொடி அவன் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான். அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

போன வருஷக் கைதட்டலைவிட இது கோடு சாருக்கு ஆயிரம் மடங்கு இனித்தது. அழகு என்பது கண்ணில் இல்லை, மனசில் இருக்கிறது என்று இந்த முரட்டுப் பயலுக்குப் புரிய வைத்துவிட்டோமே! வளையத்துக்குள் தெரிந்த தலைக்கவசத்தைப் பார்த்தார். தலை இப்போதும் தெரிந்தது. அதன்மேல் ஒரு பாதுகாப்பும் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அந்தக் குழாய்கூட நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

அப்போதுதான் மனைவியும் புயலின் மனைவியும் உள்ளே வந்தார்கள். தம்பி வளையத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரின் கையைப் பிடித்தாள்.

"பேசிப் பேசியே அவன் மனசை மாத்திட்டேன்" என்றார் கோடு சார், அடக்கமாக.

புயலின் மனைவி காரையும் கீழே கிடந்த நீல உறையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பாடா, உள்ள போயிட்டாரா! வளையம் இல்லாம ஏறவே மாட்டேன்னு சக்கரம் பறந்த அன்னிக்கே எனக்குச் சத்தியம் பண்ணிட்டாருண்ணா. தொப்பைதான் நுழையல, அது கரையற வரைக்கும் 'அழகா இல்ல'ன்னு சொல்லியே நாளைக் கடத்தறேன்னாரு, நீங்க என்னடான்னா அழகாக்கறேன் அழகாக்கறேன்னு திறப்பைச் சின்னதாக்கிக்கிட்டே போனீங்களே!"