வாரியம் வழங்கிய தாய்க்கோழி

கோழிக்குஞ்சுக்குக் குளிரும். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் சிறு கோழி வளர்ப்போர் நல வாரியத்தின் மேலான கவனத்துக்கு இது முறைப்படி கொண்டுவரப்பட்டது சென்ற ஜனவரியில்தான். கொண்டுவந்த பிறகு வாரியம் சும்மா இருக்கவில்லை. 'குறைந்த செலவில் குஞ்சுகளுக்குக் கதகதப்பு' என்று ஒரு திட்டம் தீட்டி, அதை மக்களிடம் சேர்க்க அதிகாரி புருஷோத்தமனை ஏசி காரில் லாலாகுடாவுக்கு அனுப்பிவைத்தது.

எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் பின்பக்கம் கோழி வளர்க்காத வீடு குறைவு. அதில் பக்கத்து வீட்டு லோயிஸ் அக்கா கெட்டிக்காரி. பண்ணையிலிருந்து பொரித்த கையோடு குஞ்சுகளை வாங்கி வருவார். தாய்க்கோழி கிடையாது. ஒரு பெரிய மூங்கில் கூடை, அடியில் உமி, மேலே தொங்கும் ஒரு குண்டு பல்பு, அவ்வளவுதான் ஏற்பாடு. இந்தத் தடவை குஞ்சுகள் ஈஸ்டருக்குள் விற்கிற பருவத்துக்கு வந்தாக வேண்டும். மகள் பெர்சிஸின் நர்சிங் படிப்பு அவற்றை நம்பித்தான் இருந்தது.

புருஷோத்தமன் பக்கத்து மாரெட்பள்ளிக்காரர், தெலுங்கு ஊரில் எங்களைப் போலவே தமிழர். கூடையை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, இன்னும் குண்டு பல்பு? இதுல கரண்ட் முக்காவாசி சூடாவே வீணாப் போகுது, தெரியுமா?"

"அந்தச் சூடுதான சார் குஞ்சுக்கு வேணும்?"

"வேணுங்கிறதுக்காக வீண், வீண் இல்லேன்னு ஆயிடுமா?"

புருஷோத்தமன் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு வாரியத்தின் எல்இடி பல்பை மாட்டினார். வெள்ளை வெளேரென்று வெளிச்சம் வந்தது. சூடு மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கீச்கீச்சென்று கத்திக்கொண்டு ஒரே குவியலாகிவிட்டன.

"பாத்தீங்களா, என்ன ஒத்துமை!" என்று புருஷோத்தமன் போட்டோ எடுத்தார்.

"ஒத்துமை இல்ல சார், குளிரு. இப்படியே விட்டா அடியில கெடக்கது நசுங்கிச் செத்துரும்லா?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. ஆமா, குவார்ட்டர்ஸ்ல கோழி வளர்க்கப் பர்மிஷன் இருக்கா?"

எங்கள் வரிசையில் எந்த வீட்டிலும் இல்லாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தப் பர்மிஷன்தான். அவர் நீட்டிய தாளில் அக்கா கையெழுத்துப் போட்டார். இவ்வாறாக அவர் தம் முழு விருப்பத்துடன் 'முன்மாதிரிப் பயனாளி' ஆனார். அமீர்பேட்டில் நடக்கும் பயிலரங்குக்குக் கூடையோடு வருவதாகவும் ஒப்புக்கொண்டார். கார் தெருமுனை திரும்பியதும் குண்டு பல்பு பழைய இடத்துக்கு வந்தது.

கூடையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஆட்டோவில் நானும் போனேன். அமீர்பேட்டில் கற்றுத்தராத வித்தை கிடையாது. கம்ப்யூட்டர் பயிற்சி மையம் ஒன்றின் ஹாலை வாரியம் வாடகைக்கு எடுத்திருந்தது. ஏசி என்றால் அப்படி ஒரு ஏசி. கோழி வளர்ப்பவர்கள் துண்டால் காதை மூடிக்கொண்டு, குளிரின் தீமைகள் பற்றிய உரையைக் கேட்டார்கள். கூடைக்குள் குஞ்சுகள் மீண்டும் ஒற்றுமையாகிக் கதற ஆரம்பித்தன.

"சார், ஏசிய நிப்பாட்டச் சொல்லுங்க. குஞ்சு தாங்காது."

"நக்கோம்மா, வேணாம்! ஏசி ஹால்னுதான் சேங்ஷன் ஆகியிருக்கு. நிறுத்தினா ஆடிட்டுக்கு யார் பதில் சொல்றது?" என்றார் புருஷோத்தமன்.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். நடு மேஜையில் புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தார். காற்று நல்ல சூடாக வந்தது. சட்டென்று கூடையைத் தூக்கி அதற்கு நேராக வைத்துவிட்டார். கத்தல் மெல்ல அடங்கியது. குவியல் கலைந்தது. ஒரு குஞ்சு தீனியைக்கூடக் கொத்தியது.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு தாய்க்கோழி சிறகை விரித்து நின்றுகொண்டிருந்தது.

முன்வரிசையிலிருந்த இயக்குநர் ரோகிணி மேடம் எழுந்தே விட்டார். "அம்மாவைப் பார்த்ததும் குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டன!" என்று தெலுங்கும் ஆங்கிலமுமாகச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. ஹாலே கை தட்டியது. நானும் தட்டினேன்.

"அதில்ல மேடம், இந்த மிஷின்ல இருந்து சூடு..." என்று அக்கா தொடங்கினார்.

"ரொம்ப எமோஷனலா இருக்காங்க மேடம்," என்று புருஷோத்தமன் விளக்கினார்.

பிறகு குழு கூடியது. வீட்டுக்கு ஒரு புரொஜெக்டர் கொடுத்தால் அது குறைந்த செலவு ஆகாது. ஆகவே முறையின் சாரமாகிய படத்தை மட்டும் லேமினேட் செய்து வழங்குவதென்றும், படம் குஞ்சுகளுக்குத் தெளிவாகத் தெரியக் கூடவே ஓர் எல்இடி பல்பு கொடுப்பதென்றும் முடிவாயிற்று. இரண்டிலும் சூடு என்ற வீண்செலவு துளியும் கிடையாது.

எங்கள் வரிசையில் எல்லாரும் வாங்கினோம். சும்மா கொடுப்பதை யார் விடுவார்கள்? கரண்ட் பில்லும் மிச்சம். எங்கள் வீட்டுக் குஞ்சுகள் படத்துக்குக் கீழே ஒற்றுமையாகவே போய்ச் சேர்ந்தன. மற்ற வீடுகளிலும் அதே கதைதான். அக்கா கூடையிலும் அதே படம்தான் தொங்கியது. ஆனால் அவர் வீட்டுக் குஞ்சுகள் மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்து ஈஸ்டருக்கு விலை போயின. பெர்சிஸ் படிப்பும் பிழைத்தது.

அடுத்த ஈடு குஞ்சுகள் வந்ததும் நான் போய்க் கேட்டேன்.

"அக்கா, உங்க படத்தக் கொஞ்சம் குடுங்க. எங்களுக்கு வந்த படம் சரியில்ல."

"கிறுக்கா உனக்கு? படத்துல என்ன இருக்கு? எல்லாம் குண்டு பல்பு செய்ற வேல. அந்த ஹாலுக்கு நீயுந்தான தம்பி வந்த?"

"வந்தேனே அக்கா. கண்ணால பாத்ததாலதான் கேக்கேன்."

தலையில் அடித்துக்கொண்டு படத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். உள்ளே வராமல் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தப் படத்தத் திருப்பித் தந்துரு. பல்பு எரியுது, குஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது அங்க இல்லன்னா எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு. எதுக்கும் அதுவும் கெடக்கட்டும்."