மொட்டைமாடிக் கயிற்று வழக்கு

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அதை மட்டும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கிறேன். அங்கே நீங்களும், தங்கச்சியும், பத்து நாளாக உங்களோடு இருக்கும் உங்கள் அக்காவும் நலமாக இருப்பீர்கள். அவள் நலத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்தான் அங்கே இல்லையே.

ஏன் வந்தாள் என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் நானே சொல்கிறேன். கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் நான் டைப்பிஸ்ட். தீர்ப்புகளை அடித்து அடித்து விரல் தேய்ந்ததே தவிர, "நீங்க என்ன நினைக்கிறீங்க" என்று ஒரு நாய்கூட என்னைக் கேட்டதில்லை. ஓய்வு பெற்றபோது நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு சுவர்க்கடிகாரமும் வாய் நிறைய இங்கிலீஷ் வார்த்தைகளும்தான். கடிகாரத்தை மாட்டிவிட்டேன். வார்த்தைகளைச் செலவழிக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மொட்டைமாடியில் துணி காயப் போடும் கயிற்றுக்குத் தகராறு வந்தது. இருப்பது ஒரே கயிறு. பாதிக்கு நல்ல வெயில், மீதிப் பாதி தண்ணீர்த் தொட்டியின் நிழலில். மாடி வீட்டில் குடியிருக்கும் நர்சம்மாவுக்கு மறுநாள் டூட்டிக்கு யூனிஃபார்ம் காய வேண்டும், உங்கள் அக்காவுக்குப் படுக்கை விரிப்புகள். ஆளுக்கொரு வாளியோடு நின்று, "நேத்தும் நீங்கதானேக்கா போட்டீங்க", "நேத்து போட்டது காயவே இல்லையேம்மா" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதைச் சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. நான் போய் நடுவில் நின்று, "ரெண்டு பேரும் வாளியைக் கீழ வைங்க. ஸ்டேட்டஸ் கோ" என்றேன். தீர்ப்பு வரும்வரை இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும் என்று விளக்கமும் சொன்னேன். பெரியவர் சொல்கிறாரே என்று நர்சம்மா வைத்துவிட்டார். எதுவரைக்கும்தான் போவார் பார்ப்போம் என்று உங்கள் அக்காவும் வைத்துவிட்டாள். இருந்தது ஈரத்துணி. அது இருந்தபடியே இரண்டு நாள் இருந்தது. மாடிப்படியில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டியிருந்தது. நர்சம்மா பழைய யூனிஃபார்மைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

மூன்றாம் நாள் கூடத்தில் மேஜை நாற்காலி போட்டு ஆர்பிட்ரேஷன் வைத்தேன். அதாவது நான் கேட்பேன், நான் முடிவு சொல்வேன், இருவரும் கட்டுப்பட வேண்டும். நர்சம்மா வந்து உட்கார்ந்தார். உங்கள் அக்கா பின்கட்டில் நாறிப்போன விரிப்புகளை மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் கூப்பிடுவது போல மூன்று முறை கூப்பிட்டேன். "இங்கதானே இருக்கேன், எதுக்குக் கத்துறீங்க" என்றாளே ஒழிய வரவில்லை. கூப்பிட்டும் வராதவர் பக்கத்தைக் கேட்காமலே முடிப்பதற்கு எக்ஸ்பார்ட்டி என்று பெயர். சொந்தப் பெண்டாட்டிக்குச் சாதகமாக முடித்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, வெயில் பாதி முழுவதும் நர்சம்மாவுக்கே என்று எக்ஸ்பார்ட்டியாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

"எனக்கு எதுக்கு சார் அவ்வளவு? இருக்கிறதே மூணு யூனிஃபார்ம். காலையில நான், மதியம் அக்கான்னு நாங்க முந்தாநாளே பேசிக்கிட்டோமே" என்றார் நர்சம்மா. கோர்ட்டுக்கு வெளியே பேசியது செல்லாது என்றேன்.

உங்கள் அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள். "முடிச்சிட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள். கூப்பிட்டேனே என்றேன். "கூப்பிட்டீங்க. கேக்கலை. கல்யாணமானதிலிருந்து எதைத்தான் என்கிட்ட கேட்டீங்க?" என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "தப்பு என் மேலன்னு என்னைக்கு உங்க வாயால சொல்றீங்களோ, அன்னைக்கு வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள். அந்த வாக்கியத்தை நான் எந்தத் தீர்ப்பிலும் அடித்ததில்லை.

ஆகவே நீங்கள் மீடியேட்டராக இருந்து, இருவருக்கும் பொதுவாகப் பேச வேண்டும். என் நிபந்தனைகள் இரண்டே. முதலில் அவள் வர வேண்டும். வந்த பிறகு, "தவறு நேர்ந்திருக்கக் கூடும்" என்று நான் சொல்வேன். யார் மேல் என்பதைத் திறந்த கேள்வியாக விட்டுவிடலாம். வீடு வெறிச்சென்று கிடக்கிறது, கடிகாரச் சத்தம் தாங்க முடியவில்லை. ஆனாலும் தீர்ப்புப்படி என் சட்டைகளை நிழல் பாதியில்தான் போடுகிறேன். ஆச்சரியம், சாயங்காலத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடுகின்றன. தீர்ப்பில் ஏதோ நியாயம் இருந்திருக்கிறது.

தங்கச்சிக்கு என் விசாரிப்புகள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் சண்டை போட்டால் குறுக்கே போகாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: தபாலில் போடுவதற்கு முன் மொட்டைமாடிக்குப் போனேன். நர்சம்மா என் சட்டைகளை நிழலிலிருந்து எடுத்து வெயிலில் போட்டுக்கொண்டிருந்தார். "தினமும் அக்கா போன் பண்ணிச் சொல்லிடுறாங்க சார், அவர் சட்டையைக் கொஞ்சம் பாத்துக்கன்னு. காஞ்சதும் பழையபடி நிழல்லயே போட்டுடுவேன். வெள்ளிக்கிழமை வர்றாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை. எக்ஸ்பார்ட்டி. அப்பீல் போகப் போவதில்லை. மேலே உள்ள நிபந்தனைகளை அடித்துவிடுங்கள், அவளிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: தப்பு என் மேலதான். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். அவள் எங்கே வேலையாக இருக்கிறாளோ, எழுந்து அங்கே போய்ச் சொல்லுங்கள்.