உபயம்: ஒரு சிலிண்டர் ஹெட்

தானம் கொடுப்பதில் உலகில் தமிழனுக்கு நிகர் கிடையாது. கொடுத்ததை மற்றவர்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில் அவனை நெருங்கவே முடியாது. எங்கள் வட்டாரத்தில் கோயில் மணியானாலும் பள்ளிக்கூடக் கடிகாரமானாலும் கொடுத்தவர் பெயர் இல்லாமல் அடிக்காது. என் வீட்டில் கால் கழுவும் சொம்பில்கூட மாமனார் பெயர் வெட்டியிருக்கிறது.

இந்தப் பண்பாட்டை டீசல் எஞ்சின்வரை உயர்த்திய பெருமை மீமிசல் மீனவர் முன்னேற்றச் சங்கத் தலைவர் உடையப்பன் அவர்களையே சேரும். அவர் வசிப்பது புதுக்கோட்டையில். கடலை ஒருமுறை நேரில் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று அங்கீகரித்தவர். நான் சங்கத்தின் கௌரவச் செயலாளர்; ஆகையால் நடுநிலையோடு எழுதுகிறேன்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலம். திருச்சிக்கு மீன் ஏற்றிப் போன சங்கத்து லாரி கீரனூர் அருகே கொதித்து நின்றது. எஞ்சினுக்கு மூடிபோல மேலே உட்காரும் சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிட்டது. லாரி ஓடாவிட்டால் மீன் கரையிலேயே கிடந்து நாறும். கூடை சுமக்கும் பெண்கள் வீட்டில் அடுப்பு எரியாது. எனவே தலைவர் உடனே செயலில் இறங்கினார். ஒரு கமிட்டி அமைத்தார்.

கமிட்டி ஹெட் தேடிச் சென்னை சென்றது. ஹெட் இல்லை, கண்காட்சி இருந்தது. மதுரை சென்றது, அங்கே தரிசனம் கிடைத்தது. சென்னைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ் மாறக் காத்திருந்து காபி குடித்த திருச்சியில், காபிக் கடைக்கு அடுத்த கடையிலேயே புத்தம்புது ஹெட் ஒன்று இருந்தது. அதைக் "கண்டுபிடித்ததற்காக" கமிட்டிக்கு நன்றித் தீர்மானம் நிறைவேறியது. விலையைக் கூடைக்காரப் பெண்கள் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தார்கள். தலைவர் தம் பங்குக்கு ஆசி வழங்கினார்.

தலைவர் வீட்டில் ஹெட்டுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் நடந்தன. அடுத்து, பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் பிச்சை வரவழைக்கப்பட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் மேடும் பள்ளமும். புரட்டிப் போட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இங்கிட்டுப் பாருங்கய்யா. தாம்பாளங் கணக்கா வழவழன்னு கடைஞ்சிருக்கான். பேரு வெட்டத்தான் விட்டு வச்சிருக்கான்."

"ஆழமா வெட்டு. எண்ணெய் பட்டு அழிஞ்சிறக் கூடாது," என்றார் தலைவர்.

"உபயம்: தலைவர் மு. உடையப்பன்." ஓரத்திலிருந்து ஓரம்வரை வெட்டினார் பிச்சை.

லாரியை மீமிசலுக்குக் கட்டியிழுத்து வந்து "பொருத்து விழா" வைத்தோம். காதில் வேப்பங்குச்சியோடு மேடையருகே வந்த கூடைக்காரி சந்தனமேரி, "காசு நாங்கதானேங்க போட்டோம்?" என்றாள்.

"ஒங்க எல்லாரு பேரையும் வெட்டுனா ஹெட்டுல எடம் ஏது தாயி?" என்றார் தலைவர்.

டிரைவர் சவரியப்பன் ஹெட்டைப் புரட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஐயா, இந்தப் பக்கந்தான் எஞ்சினோட ஒட்டி உக்காரணும். கீறல் இருந்தா ஒழுகும்."

தலைவரின் முகம் வாடியது. "அப்ப பேரு வெளிய தெரியாதா?"

"தெரியாதுங்க."

"திருப்பிப் போடு."

தொழில்நுட்பக் காரணங்களால் அந்த யோசனை ஒத்திவைக்கப்பட்டது. சவரியப்பனும் "பசையைத் தடவிப் பாப்பம்" என்று முறுக்கிவிட்டார். எஞ்சின் உறுமியது. கைதட்டினோம். முதலில் "உபயம்" வழியாகத் தண்ணீர் வந்தது. பிறகு "தலைவர்" வழியாகப் புகை வந்தது. முழுப் பெயரும் சீறி முடித்ததும் எஞ்சின் நின்றது.

பெயர் வெட்டிய சாமானைத் திரும்ப எடுப்பதில்லை என்று திருச்சிக் கடைக்காரர் சொல்லிவிட்டார். கடைசல் பட்டறையில் கொடுத்தால் எழுத்தைச் சீவிவிடலாம் என்றார் சவரியப்பன். தலைவர் பெயரைச் சீவுவதா என்று கமிட்டி ஒருமனதாக நிராகரித்தது.

திருச்சிக்குப் போகாத மீனெல்லாம் இப்போது கருவாடாகிறது. உப்புத் தொட்டியில் மீனை அமுக்கச் சந்தனமேரி அந்த ஹெட்டைத்தான் பாரமாக வைக்கிறாள். காதில் இன்னும் வேப்பங்குச்சிதான். ஆனாலும் தலைவர் பெயர் மேலே தெரியும்படியே வைக்கிறாள். அந்த மரியாதையைப் பாராட்டினேன்.

கீழே வைத்தால் எழுத்து கருவாட்டில் பதிந்துவிடுகிறதாம். பதிந்ததை யாரும் வாங்குவதில்லை.