முனிரத்தினம் வீட்டு முன்மாதிரிக் குழாய்

குடிமகன் ஒருவன் தன் வீட்டுக் குழாயை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அந்தக் குழாய் கெட்டுப்போயிருக்க வேண்டும். அது மட்டும் போதாது. அது கெட்டுப்போனதை அரசாங்கம் தன் கண்ணால் பார்க்கவும் வேண்டும். அரசாங்கத்தின் கண் காலை பத்தரைக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடும். இதெல்லாம் தெரியாமல்தான் முனிரத்தினம் தன் அறுபத்திரண்டாவது வயதில் குழாய் மாற்றக் கிளம்பினார்.

அவர் இருப்பது புத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன டவுன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே போக்குவரத்து இருக்கிறது. கொஞ்சம் மாந்தோப்பு, அப்பா கட்டிய மாடி வீடு, அந்த வீட்டோடு கூடப்பிறந்த இரும்புக் குழாய், மனைவி பொன்னியம்மாள். ஒரே மகள் கீர்த்தியைத் திருச்சானூரில் பாப்பாத்தியம்மாளின் இளைய மகனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூத்த மகனுக்குப் பெண் கொடுத்தவன் நான், பாகாலாக்காரன். ஆக, முனிரத்தினமும் நானும் பாப்பாத்தியம்மாள் என்ற ஒரே மேலிடத்தின் கீழ்ப் பணியாற்றுகிறவர்கள்.

கங்கம்மா ஜாத்திரைக்கு எங்கள் எல்லாரையும் முனிரத்தினம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கீர்த்திக்கு அப்போது நாலாம் மாதம். கறிக்குழம்பை ஒரு கை பார்த்துவிட்டுப் பாப்பாத்தியம்மாள் எழுந்து போய்க் குழாயில் கை கழுவினார். கழுவுவதற்கு முன்பு கை மஞ்சளாக இருந்தது. கழுவிய பிறகு மருதாணி வைத்தது மாதிரி சிவந்திருந்தது.

"இன்னா சம்பந்தி, இது தண்ணியா, செங்கல் கரைச்சதா?" என்றார்.

"பைப்பு பழசு சம்பந்தியம்மா. துரு."

"இந்தத் தண்ணியிலயா என் பேரப்புள்ளய குளிப்பாட்டப் போறீங்க? தண்ணி வெள்ளையா வர்ற அன்னிக்கி சொல்லியனுப்புங்க. அன்னிக்கி பொண்ண அனுப்பறேன். இல்லன்னா பிரசவம் எங்க வீட்லதான்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்காவிட்டால் ஊரில் பொன்னியம்மாள் தலை காட்ட முடியுமா? அன்று சாயங்காலம் முழுக்க அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி இருந்தாள். ஏழாம் மாதம் மகளை அழைத்து வந்து, உட்கார வைத்து ஆக்கிப்போட வேண்டும். அவள் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய ஆசை எதுவும் இல்லை.

மறுநாளே பிளம்பர் சம்பத் வந்து ஒரு துண்டை அறுத்துப் பார்த்தான். "உள்ள பேனா ரீபிள் கூட நுழையாதுண்ணா. வீட்டுக்குள்ள மாத்தி இன்னா பிரயோஜனம்? ரோட்டுக்கு அடியிலருந்து மாத்தணும். சிமெண்ட் ரோட்ட ஒடைக்கணும்னா பர்மிஷன் வேணும். பர்மிஷன் வாங்கிக்கினு வா, ஒரே நாள்ல முடிச்சிக் குடுக்கறேன்."

முனிரத்தினம் அர்ஜி எழுதிக்கொண்டு வார்டு ஆபீசுக்குப் போனார். அங்கே நீர்வளங்களைக் காத்து வருபவர் கிரண்குமார். நல்ல பையன். தெலுங்கு கலந்த தமிழ் பேசுவார். மேஜைமேல் மினரல் வாட்டர் கேன் ஒன்று அவருக்குக் காவலாக நின்றிருந்தது.

"முனிரத்தினம் காரு, ரோடு ஒடைக்கணும்னா குழாய் செயலிழந்திருக்குன்னு சான்று காவாலி, கட்டாயம் வேணும். நானே நேர்ல பாத்து, லீக் ஆவறத போட்டோ எடுத்து ஆப்ல ஏத்தணும். தண்ணி எப்போ வருது?"

"ஒரு நாள் வுட்டு ஒரு நாள். காலைல அஞ்சரைக்கு."

"நா டூட்டிக்கு பத்தரைக்குதான் வருவேன்."

"பத்தரைக்கு குழாயில தண்ணி இருக்காதே சார்."

"அப்போ லீக்கும் இருக்காது. லீக்கே இல்லாத குழாய செயலிழந்துபோச்சின்னு நா எப்படிண்டி எழுதறது? நாளைக்கி ஆடிட்ல கேப்பாங்க."

இருந்தாலும் கடமை தவறாதவர். மறுநாள் பதினோரு மணிக்கு வந்தார். குழாயைத் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். குழாய் மூச்சு விடவில்லை. "மேற்படி குழாய் ஆய்வு செய்யப்பட்டதில் கசிவு ஏதும் தென்படவில்லை. சுற்றுப்புறம் உலர்ந்தும் அமைதியாகவும் உள்ளது" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பத்தைந்து வருஷத்தில் அந்தக் குழாய்க்குக் கிடைத்த முதல் நன்னடத்தைச் சான்றிதழ் அதுதான்.

முனிரத்தினம் வால்வு திறக்கும் ரங்கையாவைப் போய்ப் பிடித்தார். "ரங்கையா, ஒரே ஒரு நாள் பதினோரு மணிக்கு தண்ணி வுடு."

"வுடலாம்ணா. அஞ்சரைக்கு தண்ணி வரலன்னு ஒரு கம்ப்ளைண்டு எழுதிக் குடு."

"வருதே!"

"வருதுன்னா நா எதுக்கு மறுபடி தொறக்கணும்?"

பொய் எழுத முனிரத்தினத்துக்குக் கை வரவில்லை. இந்தக் காலத்தில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு ஊனம் இருக்கக் கூடாது. கடைசியில் அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. தண்ணீர் டேங்கர் ஒன்றை வரவழைத்து, மோட்டார் வைத்து, ஆபீஸ் நேரத்தில் குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளுவது. தன் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று நிரூபிக்க, தன் செலவில் தண்ணீர் வாங்கித் தன் வீட்டுக்குள்ளேயே ஊற்றிக்கொண்ட ஒரே குடிமகன் அவராகத்தான் இருப்பார்.

பதினொன்றேகாலுக்கு மோட்டார் ஓடியது. குழாய் ஒரு முறை முனகியது. இருமியது. பிறகு சமையலறைச் சுவரில் ஒன்று, பாத்ரூமில் இரண்டு, மாடிப்படிக்கு அடியில் ஒன்று, வாசலில் மூன்று என்று ஏழு இடத்தில் செக்கச்செவேல் என்று பீறிட்டு அடித்தது. பொன்னியம்மாள் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முனிரத்தினம் சந்தோஷம் தாங்காமல் நனைந்தபடியே கை தட்டினார்.

கிரண்குமாரும் குஷியாகிவிட்டார். ஏழு இடத்தையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்தார். ஆப் ஒரே ஒரு கேள்வி கேட்டது: தண்ணீர் வருகிறதா? அவர் "ஆம்" என்று அழுத்தினார்.

"சார், சார், குழாய் கிழிஞ்சி கீதுன்னு போடுங்க சார்!"

"அதுக்கு இதுல கேள்வியே லேதுண்டி. கேக்காத கேள்விக்கு நா எப்படி பதில் சொல்றது?"

சாயங்காலமே முனிரத்தினத்தின் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. அவருடைய குறை தீர்க்கப்பட்டதாம். திருப்தியா என்று நட்சத்திரம் வேறு கேட்டது.

ஆனால் கணக்குப் போடும் இயந்திரம் அதோடு விடவில்லை. ஒரே வீடு, ஏழு போட்டோ, ஏழிலும் தண்ணீர். ஆகவே ஏழு இணைப்பு. மற்ற வீடுகளில் ஒரு குழாயிலேயே தண்ணீர் வராதபோது ஏழு இடத்தில் நீர் வழங்கப்படும் வீடு எது என்று மேலிடத்தில் தேடினார்கள். பத்தாம் நாள் முனிரத்தினம் வீட்டு வாசலில் வாழைமரம் கட்டி, ஷாமியானா போட்டு, "முன்மாதிரி நீர் இல்லம்" என்று விழா எடுத்துவிட்டார்கள். மேலதிகாரி வருகிறார் என்றதும் ரங்கையா யாரும் எழுதிக் கொடுக்காமலே பதினோரு மணிக்கு வால்வைத் திறந்தான். விருந்தினர் எல்லாருக்கும் பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள்.

மேலதிகாரி பித்தளைப் பலகையைச் சுவரில் பதிக்கத் தம் பொற்கரத்தால் டிரில்லிங் மெஷினைப் பிடித்தார். சுவருக்குள் குழாய் போவது அவருக்கு எப்படித் தெரியும்? எட்டாவது ஊற்று அவர் சட்டையிலேயே அடித்தது. கிரண்குமார்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு கை தட்டினார். "எட்டாவது இணைப்பை ஐயா அவர்களே தொடங்கி வைத்தார்கள்" என்று மைக்கில் சொன்னார்கள். முன்மாதிரி இல்லத்தின் குழாய் அமைப்பை யாரும், குறிப்பாக வீட்டுக்காரர், மாற்றக் கூடாது என்று ஓர் உத்தரவும் அங்கேயே வாசிக்கப்பட்டது.

விழாவில் முனிரத்தினத்துக்குப் போர்த்திய சால்வையைப் பொன்னியம்மாள் பிழிந்து கொடியில் போட்டாள். "இன்னாங்க, குழாய மாத்தப் போனீங்க. இப்போ மாத்தவே கூடாதுன்னு சால்வை வாங்கிக்கினு வந்திருக்கீங்க."

அந்தக் கூட்டத்தில் திருப்பதியிலிருந்து வந்த விஷ்ணுப்ரியா என்ற பெண்ணும் இருந்தாள். உடம்பைப் பேணுவது பற்றிப் போனில் படம் போடுகிறவள். சிவப்பு ஊற்றுக்கு முன்னால் நின்று அவள் கேட்டாள்: "நம் முன்னோர்கள் இரும்புக் குழாயில் குடித்தார்கள். யாருக்காவது ரத்தசோகை வந்ததா? பிளாஸ்டிக் குழாய் வந்த பிறகுதானே இவ்வளவு மாத்திரை!" முன்னோர்கள் கிணற்றில் குடித்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவ்வளவுதான். மறுவாரம் தெருமுனை வரை ஸ்கூட்டரும் காருமாக நின்றன. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், நின்றபடி, கிழக்கே பார்த்து. கலர் குறைவாக இருந்தால் சண்டைக்கு வந்தார்கள். அடியில் படிந்த துருவைத் தனியாக டப்பாவில் வாங்கிப் போனார்கள். புதுக்குழாய் போட்ட வீட்டுக்காரர்கள் தலைகுனிந்து நடந்தார்கள். படித்தவர்கள், ரிட்டயரானவர்கள், பேத்தி எடுத்தவர்கள்கூட இதில் விழுந்தார்கள். யார் யார் என்று இங்கே பட்டியல் போட நான் விரும்பவில்லை.

ஒருநாள் பாப்பாத்தியம்மாளே போன் செய்தார்.

"சம்பந்தி, உங்க வீட்டுத் தண்ணி போன்ல வந்துதே! எங்க தெருவுல எல்லாரும் கேக்கறாங்க. வாரம் ரெண்டு கேன் அனுப்புங்க. சீமந்தம் முடிஞ்சி, வர்ற மாசம் ரெண்டாவது வெள்ளிக்கெழம நானே கீர்த்தியக் கூட்டிக்கினு வரேன். நல்ல தண்ணி கீற எடத்துலயே பிரசவம் நடக்கட்டும்."

முனிரத்தினம் குதித்தார். பொன்னியம்மாள் குதிக்கவில்லை. பின்னாலேயே கீர்த்தி போன் செய்திருந்தாள். "அம்மா, நெசமா சொல்லு. அந்தத் தண்ணியிலயா என் கொழந்தய குளிப்பாட்டப் போற?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாளாம்.

"பொண்ணு வரணும்னுதான் தண்ணிய மாத்தச் சொன்னேன்," என்றாள் பொன்னியம்மாள். "இப்போ தண்ணிய மாத்தினா பொண்ணு வர மாட்டா. மாத்தலன்னா பேரப்புள்ளய துருவுல முக்கணும். இன்னா பண்றது, சொல்லுங்க!"

"உத்தரவு கீதேடி..."

"உத்தரவு வந்து கொழந்தய குளிப்பாட்டுமா? சம்பத்தக் கூப்புடுங்க!"

உத்தரவுக்குப் பயந்து முனிரத்தினம் நாலு வாரம் தள்ளிப்போட, கீர்த்தி வரும் வாரமும் நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இல்லை. ஆபீஸ் இல்லாத நாளில் நடப்பது நடந்ததாகாது. அந்த வாரம் கேபிள்காரர்கள் யார் அனுமதியில் என்றே தெரியாமல் சிமெண்ட் ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பள்ளத்திலேயே சம்பத் இறங்கினான். காலை ஏழுக்குத் தொடங்கி மத்தியானச் சோற்றுக்கு முன்னால் மெயின் லைனிலிருந்து சமையலறை வரை புதுக்குழாய். மறுநாள் அஞ்சரைக்குப் பொன்னியம்மாள் குழாயைத் திறந்தாள். பளிங்கு மாதிரி வந்தது. இரண்டு கையிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டு, அவள் வாய்விட்டு அழுதாள். அப்படி ஒரு சந்தோஷம்.

பாட்டிலோடு வந்தவர்கள் ஏமாந்து திட்டினார்கள். கலப்படம் என்றார்கள். கிரண்குமார் ஓடி வந்தார். எட்டு இணைப்பு ஒன்றாகக் குறைந்தது ஏன் என்று நோட்டீஸ் கொடுத்தார். தண்ணீர் வருகிறதா என்று ஆப் கேட்டதற்கு வழக்கம்போல் "ஆம்" அழுத்திவிட்டு, யாரும் பார்க்காதபோது குழாயில் வாய் வைத்து நாலு மடக்குக் குடித்துவிட்டுப் போனார்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்தது. கீர்த்தியை அழைத்துக்கொண்டு பாப்பாத்தியம்மாள் வந்தார். உறவுமுறை விட்டுப்போகக் கூடாதே என்று நானும் பாகாலாவிலிருந்து போயிருந்தேன். கையில் காலி பாட்டில் ஒன்று இருந்தது. தண்ணீர் மாறிய விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. பாட்டிலைக் கழுவலாம் என்று கொல்லைப்பக்கம் போனேன். உள்ளே குழாயடியில் பாப்பாத்தியம்மாள் கை நீட்டுவது ஜன்னல் வழியே தெரிந்தது. பொன்னியம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் வெள்ளை வெளேரென்று விழுந்தது. பாப்பாத்தியம்மாள் கையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டோம் சம்பந்தியம்மா," என்றாள் பொன்னியம்மாள். "கொழந்தைக்கி..."

"அப்பாடா! எங்க மாத்தாம வுட்டுடுவீங்களோன்னுதான் எனக்கு பயம். கூட்டிக்கினு வரேன்னு சொன்னப்பறம் ராத்திரில தூக்கமே இல்ல. இவ வேற அழுதுக்கினே இருந்தா."

"நீங்கதான் சம்பந்தியம்மா வாரம் ரெண்டு கேன் கேட்டீங்க!"

"அய்யே, தெருவே வாங்கிக் குடிக்கிது. சம்பந்தி வீட்டுத் தண்ணிய நாமளே வாங்கலன்னா மரியாதையா இருக்குமா? அதுக்காக அத்த வாயில வெப்பனா? ஒரு சொட்டு இல்ல. இவளுக்கும் குடுக்கல. வந்த கேன அப்படியே பாகாலாவுக்கு அனுப்பிட்டேன். எங்க பெரிய சம்பந்திக்கி. பாவம், மனுசன் தெனமும் கெழக்க பாத்து நின்னுக்கினு குடிக்கிறாராம்."

கீர்த்தி சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பொன்னியம்மாள் அவளைத் தாங்கிக்கொண்டாள். மகள் வீடு வந்து சேர்ந்துவிட்டாள். அவளுக்கு வேறென்ன வேண்டும்?

நான் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாசல் பக்கம் வந்தேன். நாலு வாரம். வாரம் இரண்டு கேன். நடுவில் பாகாலா ஸ்டேஷன் ரோட்டில் "இரும்பு நீர் அன்பர் குழு" என்று ஒன்று ஆரம்பித்து, நானே செயலாளராகவும் இருந்தேன். முழங்கால் வலி குறைந்திருப்பதாக நாலு பேர் முன்னால் பேசியிருக்கிறேன். குறைந்துதான் இருந்தது.

வீட்டில் இன்னும் ஒரு கேன் சீல் பிரிக்காமல் இருக்கிறது. கொட்டிவிடு என்றாள் என் மனைவி. எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து என் சின்ன மகளின் மாமனார் வருகிறார். கேனைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசல் அறையில் எடுத்து வைத்திருக்கிறேன்.