அம்மா வேலையிலிருந்து ஓய்வு

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் காரும் நலம். அங்கே உன் நலத்தை விசாரிக்க மாட்டேன். விசாரிக்கக் கூடாது என்பதுதானே நீ தனி வீட்டுக்குப் போகும்போது போட்ட நிபந்தனை. "நீ கூப்பிடாத, நானே கூப்பிடுறேன்" என்றாய். கூப்பிடவில்லை. கடிதம் எழுதக் கூடாது என்று நீ சொன்னதாக எனக்கு நினைவில்லை. அப்பாவைக் கேட்டேன், அவருக்கும் நினைவில்லையாம்.

விஷயம் இதுதான். நான் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். முழு மனதோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல். குடை எடுத்துப் போனாயா என்று உன் மேலாளரிடம் ஃபோனில் கேட்டதற்காக நீ கோபித்துக்கொண்டாயே, அதனால் அல்ல. (அன்று மழை பெய்ததா இல்லையா? சரி, விடு.) வளர்த்தாயிற்று, ஆளாக்கியாயிற்று, இனி நான் வெறும் டிரைவிங் ஸ்கூல் டீச்சர் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டினால் மாறுகிறவளா நான்?

ஓய்வு பெற்ற அதே வாரம் ஒரு சின்ன அசம்பாவிதம். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கார் கற்றுக்கொள்ள வருகிறார். வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன், அது என் வேலை; ஆனால் அதே நொடியில் என் கை என்னைக் கேட்காமல் பாய்ந்து போய் அவர் மார்பில் குறுக்கே விழுந்துவிட்டது. நீ முன் சீட்டில் உட்கார்ந்து வந்த காலத்தில் விழுமே, அதே கை, அதே வேகம். அவர் மூக்குக்கண்ணாடி எகிறி டாஷ்போர்டில் போய் உட்கார்ந்தது.

"ஏம்மா, நான்தான் பெல்ட் போட்டிருக்கேனே, எதுக்கு அடிக்கிறீங்க?"

"அடிக்கல சார், பிடிச்சேன்."

அதோடு விட்டிருக்கலாம். "ஒண்ணுமில்லடா கண்ணு" என்றும் சொல்லித் தொலைத்துவிட்டேன். மனிதர் நேராக முதலாளியிடம் போய்விட்டார். முதலாளி என்னைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்தவர். "அக்கா, இன்னொரு புகார் வந்துச்சுன்னா உங்களை வண்டியிலேர்ந்து எறக்கி ஆபீஸ்ல உக்கார வெச்சிடுவேன்" என்று மரியாதையாகவே சொன்னார். ஸ்டியரிங் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன், சொல்? உள்ளுக்குள் ஆடித்தான் போனேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தவர் எலி டாக்டர். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. பல்கலைக்கழகத்தில் எலிகளின் மூளையை ஆராய்கிற பெண். எலியைப் பற்றித் தெரியாதது கிடையாது, கிளட்சைப் பற்றித் தெரிந்தது கிடையாது. சிக்னலுக்குச் சிக்னல் இன்ஜினை அணைத்துவிடுவாள். பின்னால் ஹாரன்கள் அலறும். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பாள். வங்கிக்காரர் கதையைச் சிரிப்பதற்காக அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அது உங்க தப்பில்லக்கா. பிரசவத்தப்போ ஏறுற ஹார்மோன் எல்லாம் அப்புறம் எறங்கிடும். ஆனா அது மூளையில செஞ்ச மாத்தம் தங்கிடும். குட்டிங்க வளந்து தனியாப் போன பிறகும், தாய் எலி மத்த எலியைவிடச் சீக்கிரமா இரையைப் பிடிக்கும். வழி மறக்காது. பயமும் கம்மி. வயசான பிறகும் அப்படித்தான்."

"அது எலி, டாக்டர். கிளட்சை மிதிங்க."

"மனுஷிங்களுக்கும் ஸ்கேன்ல வருஷக்கணக்காத் தெரியுதுக்கா."

"எனக்கு அதெல்லாம் போயிடுச்சு. முடிவு பண்ணிட்டேன். முதல் கியர் போடுங்க."

"உங்க மூளைகிட்டக் கேட்டுட்டா முடிவு பண்ணீங்க?" என்றபடி மறுபடியும் வண்டியை அணைத்தாள்.

பிறகு அவளுக்கு லைசென்ஸ் தேர்வு வந்தது. தேர்வு அதிகாரி முன்னால், நான் பின் சீட்டில். "பின்னாலேர்ந்து ஒரு சத்தம் வரக் கூடாது" என்று எனக்குக் கட்டளை. அவர் பெல்ட் போடவில்லை, எழுத இடைஞ்சலாம். நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். நேர் சாலை, எலி டாக்டர் அதிசயமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள், அப்போது எனக்குக் கேட்டது. நூல் மாதிரி ஓர் அழுகை. "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். அவள் பிரேக்கில் ஏறி நின்றாள். என் கை பின்னாலிருந்து சீட்டைச் சுற்றிப் போய் அதிகாரியைச் சட்டையோடு அள்ளிப் பிடித்தது. காரின் முன் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது அவர் நெற்றி.

"யாரு உங்களை வாயத் திறக்கச் சொன்னது?"

"சார், குழந்தை அழுவுது."

"எந்தக் குழந்தை? இங்க ஏது குழந்தை?"

இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தேன். பேட்டரி பக்கத்தில், கண் திறந்தும் திறக்காமலும், கைப்பிடி அளவு பூனைக்குட்டி. கொஞ்சம் தாமதித்திருந்தால் ஃபேனில் போயிருக்கும். நம் முதலாளி நாங்கள் கிளம்பும் வரை அந்த பானெட்டில் சாய்ந்து நின்றுதான் ஃபோன் பேசிக்கொண்டிருந்தார், அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

அதிகாரி குட்டியைப் பார்த்தார், தன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். "வண்டி ஓட்டுனது யாரு, நீங்களா அவங்களா?"

"அவங்கதான் சார். நான் பிடிச்சது உங்களை மட்டும்தான்."

அவ்வளவு வேகமாக பிரேக் போட்டும் இன்ஜின் அணையவில்லை. எலி டாக்டர் வாழ்க்கையில் முதல் தடவை. தேறிவிட்டாள். நாங்கள் திரும்பி வந்ததும் முதலாளி ஓடி வந்தார், புகார்தான் என்று நானும் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். அதிகாரி சட்டையை நீவிக்கொண்டு, "என் பொண்ணு கத்துக்க வருவா, இந்தம்மாகிட்டயே விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வண்டி எனக்குத் தப்பியது.

"இப்பவாவது ஒத்துக்கிறீங்களாக்கா?" என்றாள் எலி டாக்டர், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு. நான் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? இன்ஜின் சத்தம் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, அவ்வளவுதான். "குழந்தை அழுவுதுன்னு சொன்னீங்களே?" என்றாள். ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றேன். பூனையை அவளே கொண்டு போனாள். எலி ஆராய்ச்சிக்காரி வீட்டில் பூனை எப்படி என்பது அவள் பாடு.

ஆகவே நீ என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். என் மூளை என் சொல் கேட்கிறது. நீயாகக் கூப்பிடும் வரை உன் வீட்டுப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டேன். நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நூறு வயசு நன்றாக இரு. அப்பா தன் அன்பைத் தனியாகச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற
உன் அம்மா

பி.கு.: உறையில் தபால்தலை இல்லையே என்று குழம்பாதே, கதவுக்கு அடியில் தள்ளியது நான்தான். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன். என்ன வேலை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் மாடிப்படி விளக்கு எரியவில்லை, கீழ் வீட்டில் ஸ்டூல் வாங்கி பல்பை மாற்றிவிட்டேன். நேற்று நீ இருமினாயாமே? நான் கேட்கவில்லை, அவர்களாகத்தான் சொன்னார்கள். உன் கதவில்தான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், மெதுவாகத் திற. அவசரமே இல்லை, சாப்பிட்டுவிட்டே திற.