சாகாவரம் பெற்ற கொடுவா

சாகவே சாகாது என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய செல்கள், திங்கட்கிழமை காலை ரெஜினா மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தபோது மொத்தமாகச் செத்துக் கிடந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை. குடுவையின் அடியில் ஒட்டிப் படர்ந்திருக்க வேண்டியவை உருண்டு திரண்டு மிதந்தன. நடுவே பிய்த்துப் போட்ட பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் நிச்சயதார்த்தத்துக்கு பஸ் பிடிக்க ஓடிய அவசரத்தில், இன்குபேட்டர் கதவைச் சரியாகச் சாத்தாமல் போனது சாட்சாத் ரெஜினாவேதான்.

"கர்த்தாவே, நான் செத்தேன்!" என்றாள்.

அவை கொடுவா மீனின் செவுளிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். திருவிடந்தையைத் தாண்டி, ஈசிஆர் சாலையோரச் சவுக்குத் தோப்புக்குள் இருக்கும் அந்த ஆய்வு மையத்தில் ஆளுக்கொரு ஆராய்ச்சி. செல் எப்படித் தின்கிறது என்று ஒருவர் பார்ப்பார். எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று இன்னொருவர் பார்ப்பார். டாக்டர் பிரபாவதி, அது எப்படிச் சாகிறது என்று பார்ப்பவர்.

எந்தச் செல்லையும் சாகடிக்கும் வெளிநாட்டு விஷ மருந்து ஒன்று அவரிடம் இருந்தது. அதை இந்தக் கொடுவா செல்மேல் ஊற்றினால் மட்டும் அது பாட்டுக்குச் சுகமாக இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஷபானா என்ற மாணவியின் கையால்தான் இந்த அதிசயம் முதன்முதலில் தெரிய வந்தது. அதன்பிறகு சாவைப் பற்றிப் பேச பிரபாவதிக்கு எங்கெங்கிருந்தோ அழைப்பு வந்தது. ஷபானா கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரிக்குப் போய்விட, அந்த நாற்காலிக்கு வந்தவள் ரெஜினா.

புதன்கிழமை பிரபாவதி மேடம் டெல்லியிலிருந்து நிபுணர் குழுவோடு வருகிறார். அவர்கள் கண்ணெதிரே விஷத்தை ஊற்றி, செல் சாகாததைக் காட்ட வேண்டும். காட்டினால் ஆராய்ச்சி நீளும், ரெஜினாவின் வேலையும் நீளும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவள் பரம்பரையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட முதல் ஆள் அவள். பாட்டன் காலம்வரை எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். புதுப்பட்டினம் சர்ச்சில் அம்மா சாராள் கர்த்தர் செய்த எந்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எழுந்தாலும் "எம் பொண்ணு சயின்டிஸ்டு" என்றுதான் முடிப்பாள்.

மேடம் யாரையும் பார்த்துக் கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார், அவ்வளவுதான். வைத்தால் எதிரில் நிற்பவர் மறுநாள் வேலைக்கு வரத் தேவையில்லை. அந்தக் கண்ணாடியை நினைத்ததுமே ரெஜினா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

கடுங்குளிர் நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்த செல்கள் இருக்குமே என்று ஓடினாள். உதவியாளர் சின்னராசு மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, தொறந்தா பொகை வரணும். ஒண்ணியும் காணோமே."

"நல்லா பாருங்கண்ணா."

"இன்னாத்த பாக்கறது? காஞ்சி கீது. நைட்ரஜன் ரொப்பணும்னு போன மாசமே சொன்னேன். நீதான் அடுத்த வாரம் பாத்துக்கலாம்னே."

ஒரு குடுவை போனது என்று வந்தவளுக்கு இப்போது குலமே போயிருந்தது. பயத்தில் ஷபானாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, செல்லு எல்லாம் போச்சுக்கா. மேடம் என்ன கொன்னுடுவாங்க."

"அழுவாதடி. பக்கத்து பிளாக் நரசிம்மன் சார்கிட்ட ஒரு குடுவை கீது. சண்டைக்கு முன்னாடி மேடமே குடுத்தது. நைசா கேட்டு வாங்கிக்கோ."

அந்தச் சண்டை மையத்தில் எல்லாருக்கும் தெரியும். பிரபாவதி 'சாகாது' என்று கட்டுரை எழுதினார். அதே செல்லில் அதே மருந்தைப் புதிதாக வரவழைத்து ஊற்றிய நரசிம்மன், 'சாகிறதே' என்று பதில் எழுதினார். அன்றிலிருந்து இருவரும் காண்டீனில்கூட முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள்.

நரசிம்மன் பரம சாது. ரெஜினாவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"செல் வேணுமா? பிரபாவதியே கேட்டாங்களா?"

இல்லை என்றால் கேள்வி வரும். "ஆமாங்க சார்," என்றாள் ரெஜினா.

"என்கிட்டயா?"

"ஆமாங்க சார். பழசெல்லாம் மறந்துடலாம்னு சொன்னாங்க."

சொல்லியிருக்க வேண்டாம். நரசிம்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. குடுவையை அவரே எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "நான் எப்ப வேணா பேசத் தயாராத்தாம்மா இருந்தேன். புதன்கிழமை நானும் வரேன். முன் வரிசையில உக்காந்து பாக்கறேன்."

"ஐயோ சார், வேணாம்..."

"நான் வரலேன்னா நல்லாவா இருக்கும்?"

குடுவையும் கையுமாகத் திரும்பி வந்து, செல்களைப் புதுக் குடுவைகளுக்கு மாற்றி, மேடம் பாணியில் பெயர் எழுதி ஒட்டிய பிறகுதான் ரெஜினாவுக்கு உறைத்தது. இது நரசிம்மன் வளர்த்த செல். விஷம் ஊற்றினால் சாகிற செல்! புதன்கிழமை குழுவின் முன்னால், மேடத்தின் முன்னால், நரசிம்மன் முன்னால் அது துடிக்கத் துடிக்கச் சாகப்போகிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று.

அந்தப் பூதத்தை அடக்க ஒரே வழிதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லாரும் டீக்குப் போன நேரத்தில் ஃப்ரீசரைத் திறந்து மருந்து பாட்டிலை எடுத்தாள். கட்டைவிரல் அளவு பாட்டில், தண்ணீர் போலத் தெளிந்த மருந்து. வாரா வாரம் எடுத்தும் மூன்று வருடமாக அந்த ஒரே பாட்டில் ஓடுகிறது. மேடத்தின் சிக்கனம் அப்படி என்று மையமே மெச்சும்.

மருந்தை மூடி போட்ட ஒரு சின்னச் சோதனைக் குழாய்க்கு மாற்றினாள். காலி பாட்டிலில் அதே அளவு உப்புத்தண்ணீரை ஊற்றினாள். உப்புத்தண்ணீர் எந்தச் செல்லையும் கொல்லாது. ஆனால் ஃப்ரீசரில் புதிதாக ஒரு குழாய் இருந்தால் மேடம் கண்ணுக்கு முதலில் அதுதான் படும். ஆகவே விஷம் ரெஜினாவின் சாப்பாட்டுப் பையில் ஏறியது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தை பையைத் தொட வந்தபோதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வீட்டில் கால் கழுவிவிட்டு வருவதற்குள் கணவன் சாம் பையைத் திறந்து குழாயை மூக்கருகே வைத்திருந்தான்.

"இன்னா இது, கேக்குக்கு ஊத்தற எசன்ஸா? வாசனையே இல்ல."

"கீழ வை! தொடாத! நக்கினியா?"

"நான் ஏன் நக்கறேன்?"

"வாயத் தொற. நாக்க நீட்டு. அய்யோ, ஒரு சொட்டு போதும்யா, உடம்புல ஒரு செல்லு மிஞ்சாது!"

சாம் வெளிறிப்போனான். கையைச் சோப்புப் போட்டு, பிறகு சாம்பல் போட்டு, பிறகு டெட்டால் போட்டுக் கழுவினான். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. குழாயை வீட்டில் வைக்கக் கூடாது என்று சாம் ஒற்றைக் காலில் நின்றதால், காலையில் அது மறுபடி ரெஜினாவோடு பஸ் ஏறியது.

புதன்கிழமை குழு வந்தது. தலைவர் ரவிச்சந்திரன் சிரித்தே பழக்கமில்லாதவர். முன் வரிசையில் நரசிம்மன், கையில் ஒரு பொட்டலம் பால்கோவாவோடு உட்கார்ந்திருந்தார். பிரபாவதி அவரை முறைத்தார். அவர் புன்னகை செய்தார். நடுவில் நின்ற ரெஜினா பால்கோவாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊத்தும்மா," என்றார் பிரபாவதி.

ரெஜினா ஊற்றினாள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ரவிச்சந்திரன் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே காணோம். உப்புத்தண்ணீர்கூடச் செல்லைக் கொல்லுமோ என்று ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள் ரெஜினா.

"ஒண்ணுகூடச் சாகலை!" என்றார் அவர். "அற்புதம்!"

பிரபாவதி கண்ணாடியைக் கழற்றினார். ரெஜினா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால், மேடம் புடவைத் தலைப்பால் ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிழைத்தோம் என்று மூச்சு விடுவதற்குள் நரசிம்மன் எழுந்தார். தானும் குனிந்து பார்த்தார். பொட்டலத்தை மேஜையில் வைத்தார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்," என்றார். "செல் சாகும்னு நான் எழுதினது தப்பு. என் கையிலதான் ஏதோ கோளாறு. கட்டுரையை வாபஸ் வாங்கிக்கறேன். மன்னிச்சிடுங்க பிரபாவதி."

கூட்டம் கை தட்டியது. ரெஜினா மட்டும் தட்டவில்லை. உண்மையைச் சொன்ன மனுஷன், அவள் ஊற்றிய உப்புத்தண்ணீருக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டதா? ரவிச்சந்திரன் பாட்டிலைக் கையில் எடுத்தார். "இந்த மருந்தையும் இதே செல்லையும் நானே கொண்டுபோறேன். எங்க லேப்ல மருந்தைச் சோதிச்சு, மறுபடி செஞ்சு பாத்துட்டு உலகத்துக்கே அறிவிக்கலாம். அஞ்சு மணிக்குக் கார். பேக் பண்ணி வைம்மா."

ரெஜினா பாட்டிலோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். உப்புத்தண்ணீரை அனுப்பினால் மருந்தைச் சோதித்ததுமே மாட்டிக்கொள்வாள். நிஜ மருந்தை மாற்றி அனுப்பினால் டெல்லியில் செல் சாகும், மேடத்தின் மானம் கப்பலேறும். இந்தப் பக்கம் போனாலும் அடி, அந்தப் பக்கம் போனாலும் அடி. ஆனால் மன்னிப்புக் கேட்ட அந்த முகம் அவளை விடவில்லை. வேலை போனால் போகட்டும், அம்மா சர்ச்சில் வேறு ஏதாவது சாட்சி சொல்லிக்கொள்ளட்டும்.

ஷபானாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன். நைட்ரஜன் காஞ்சது, நரசிம்மன் சார் செல்ல வாங்கினது, மருந்துக்குப் பதிலா உப்புத்தண்ணி ஊத்தினது, எல்லாம். நிஜ மருந்து என் பையிலதான் கீது. அத பாட்டில்ல திருப்பி ஊத்திட்டு நேரா போய் கால்ல வுழறேன்."

அந்தப் பக்கம் ஷபானா எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா? கேக்குதா?"

"நிஜ மருந்தா?" என்றாள் ஷபானா மெல்ல. "அத நான் அங்க சேந்த மொத வாரமே கை நடுங்கிக் கவுத்துட்டேண்டி, மேடத்துக்குப் பயந்து அன்னிலேருந்து நானும் அந்தப் பாட்டில்ல உப்புத்தண்ணிதான் ரொப்பிகினு வந்தேன்."